இடது பக்கத்துப் பழங்கள்

ஜூலை 6

மாமாவுக்கு வணக்கம்.

நான் நலம். நீங்களும் நலம் என்பதை உங்கள் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வீட்டோடு மாப்பிள்ளையாக வர மாட்டேன் என்று நான் சொன்ன நாளிலிருந்து நீங்கள் என்னிடம் போனில் பேசுவதில்லை. அந்தத் தடை இன்னும் அமலில் இருப்பதாக அவள் சொன்னாள். ஆகவே இந்தக் கடிதம்.

குளியலறைப் படியில் நீங்கள் விழுந்ததிலிருந்து அவளுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அவளுக்கு விமான நிலையத்தில் அதிகாலை ஷிஃப்ட். வாண்டுவை எழுப்பி, குளிப்பாட்டி, காரில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விடுவது நீங்கள்தான். உங்கள் கால் தடுமாறினால் என் பெண்ணும் சேர்ந்து தடுமாறுவாள். அதனால்தான் தலையிடுகிறேன். மற்றபடி உங்கள் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கும் ஆசை எனக்கு இல்லை.

இத்துடன் ஒரு பெட்டி வரும். எங்கள் கம்பெனிக்காக நான் வடிவமைத்துக்கொண்டிருக்கும் வீடியோ கேம். வயதானவர்கள் விழாமல் நிற்கப் பழகுவதற்கானது. உள்ளே ஒரு கேமராவும் ஒரு பலகையும் இருக்கும். கேமராவை டிவி மேல் வையுங்கள். பலகையைத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். திரையில் ஒரு மரத்திலிருந்து பழம் விழும். எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் உடம்பைச் சாய்த்தால், கூடை நகர்ந்து பழத்தைப் பிடிக்கும். மதிப்பெண் மட்டும் தானாக எனக்கு வந்துவிடும், படம் வராது. விற்பனைக்கு விடும் முன் சில வீடுகளில் கொடுத்துச் சோதித்துப் பார்க்கிறோம். உங்கள் வீடும் அதில் ஒன்று.

குறைகளை எழுதி அனுப்புங்கள். குறை சொல்வது உங்களுக்குச் சிரமமான வேலை இல்லை என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்


ஜூலை 17

மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். உங்கள் நலத்தை என் மகள் நான் கேட்காமலேயே சொல்லிவிடுகிறாள்.

பெட்டி வந்தது. குறை கேட்டிருந்தீர்கள். திரையில் என்னைக் குறிப்பதற்கு ஒரு பொம்மை வருகிறது. கூன் முதுகு, பொக்கை வாய், கையில் தடி. நான் தினமும் கண்ணாடி பார்த்துச் சவரம் செய்கிறவன். அப்படி ஒருவனை அதில் நான் பார்த்ததில்லை. பழத்தைப் பிடித்தால் ஒரு பெண் குரல், "சூப்பர் தாத்தா" என்கிறது. தவறவிட்டால், "பரவால்ல தாத்தா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்கிறது. என்னைத் தாத்தா என்று கூப்பிட உலகத்தில் ஒருத்திக்குத்தான் பாத்தியதை. அவளோ இதைக் கேட்டுவிட்டுத் தரையில் உருண்டு சிரிக்கிறாள்.

நான் லைசென்ஸ் கேட்டு வந்தவர்களை வண்டி ஓட்டிக் காட்டச் சொல்லி, பாஸ், ஃபெயில் போட்டே ரிட்டயர் ஆனவன். அழுது பார்த்தவர்கள் உண்டு, ஆள் வைத்து மிரட்டியவர்கள் உண்டு. ஒருவரிடமும் நான் பரவாயில்லை என்று சொன்னது கிடையாது. தப்பு என்றால் தப்பு, இறங்கு, அவ்வளவுதான். உங்கள் விளையாட்டு தப்புச் செய்கிறவனின் முதுகைத் தட்டிக்கொடுக்கிறது. நீங்கள் வடிவமைத்தது என்று சொன்னபோதே எனக்கு இது புரிந்திருக்க வேண்டும்.

பின்னணி இசை, பல் டாக்டர் வீட்டில் காத்திருக்கும்போது போடுகிற ரகம். என் மகள் கேட்டுக்கொண்டதற்காகத் தினமும் பலகையில் ஏறுகிறேன். உங்களுக்காக ஏறவில்லை.

இப்படிக்கு,
பெண்ணைக் கொடுத்தவன்


ஆகஸ்ட் 2

மாமாவுக்கு வணக்கம். நலம்.

கூனை நிமிர்த்திவிட்டேன். பல் கட்டிவிட்டேன். தடியைப் பிடுங்கிவிட்டேன். தாத்தா என்ற இடத்திலெல்லாம் சார் என்று மாற்றியாயிற்று. இனி அந்தக் குரல் உங்களைச் சார் என்றே கூப்பிட்டுத் தேற்றும்.

இப்போது உங்கள் மதிப்பெண்ணுக்கு வருகிறேன். நீங்கள் போட்ட பாஸ், ஃபெயிலை யாரும் எதிர்த்துப் பேசியிருக்க முடியாது. அதேபோல இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வலது பக்கம் விழும் பழங்களைப் பெரும்பாலும் பிடிக்கிறீர்கள். இடது பக்கம் விழுவதை அநேகமாக எல்லாவற்றையும் விடுகிறீர்கள். தாமதமாகச் சாய்ந்து தவறவிட்டால்கூட எனக்குப் புரியும். நீங்கள் சாயவே இல்லை. உங்கள் இடது காலில் தெம்பு இல்லை, அதில் எடையைப் போட உங்களுக்குப் பயமாக இருக்கிறது என்றுதான் பலகையின் கணக்கைப் பார்த்தால் தெரிகிறது.

குளியலறையில் நீங்கள் விழுந்ததும் இடது பக்கம்தான் என்று அவள் சொன்னாள். டாக்டரிடம் காட்டினீர்களா? இடது காலுக்கென்று ஒரு பயிற்சியை விளையாட்டில் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். வீம்பு பார்க்காமல் செய்யுங்கள்.

இப்படிக்கு,
மருமகன்


ஆகஸ்ட் 12

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலம். கால் உட்பட.

கிளட்சை மிதித்து மிதித்து உரமேறிய கால் இது. இதில் தெம்பு இல்லை என்று, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் சம்பளம் வாங்கும் ஒருவர் எனக்கு எழுதுகிறார். உங்கள் பலகைதான் கோணல். தரையில் வைத்தால் ஆடுகிறது. இடது பக்கத்துப் பழங்களுக்கு நீங்கள் அடித்திருக்கும் வர்ணமும் சரியில்லை, பின்னாலிருக்கும் இலையோடு கலந்துவிடுகிறது. அவை விழுகிற வேகமும் அதிகம். இவ்வளவு கோளாறை வைத்துக்கொண்டு என் காலைப் பழிக்கிறீர்கள்.

டாக்டரை விழுந்த வாரமே போய்ப் பார்த்தேன். தனியாகத்தான் போனேன், எனக்குத் துணை தேவைப்படவில்லை. எலும்பு நன்றாக இருக்கிறது என்றார். அதற்குமேல் கேட்க உங்களுக்கு உரிமை கிடையாது.

பயிற்சியைப் பார்த்தேன். கைக்குழந்தைக்கு நடை பழக்குவதுபோல இருக்கிறது.

இப்படிக்கு,
பெண்ணைக் கொடுத்தவன்


ஆகஸ்ட் 30

மாமாவுக்கு வணக்கம். நலம்.

பலகையை இங்கிருந்தே சோதித்தேன். கோணல் பலகையில் இல்லை. இதே விளையாட்டு ஒரு ரிட்டயர்ட் டிராயிங் டீச்சர் வீட்டில் இருக்கிறது, லிஃப்ட் ஆபரேட்டராக இருந்த ஒருவர் வீட்டில் இருக்கிறது. இரண்டு பேருக்கும் உங்களைவிட வயது அதிகம். இடது பக்கத்துப் பழம் அவர்கள் கண்ணில் இலையோடு கலக்கவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். இன்னும் ஒரு மாதம் பார்ப்பேன். இடது பக்கம் தேறாவிட்டால், வாண்டுவைப் பள்ளி வேனில் சேர்க்கச் சொல்லி உங்கள் மகளிடம் பேசுவேன். கிளட்ச் மிதிக்கும் காலில் சந்தேகம் உள்ள ஒருவர் ஓட்டும் காரில் என் பெண் போகக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் அவளும் என் பக்கம்தான் நிற்பாள், உங்களுக்கே தெரியும்.

என் நிலைமையும் சொல்கிறேன். சோதிப்பவர்களில் ஒருவருக்காவது உருப்படியான முன்னேற்றத்தைக் காட்டாவிட்டால், வருஷக் கடைசியில் இந்த விளையாட்டை மூட்டை கட்டிவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். அப்படி நடந்தால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
மருமகன்


செப்டம்பர் 19

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போய், என் மகளின் அம்மாவும் போனபின், காலையில் நான் படுக்கையைவிட்டு எழுந்திருக்க ஒரே ஒரு காரணம்தான் மிச்சம். வாண்டு சீருடையைப் போட்டுக்கொண்டு, ஷூ லேஸ் கட்டத் தெரியாமல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளை எவனோ ஒரு வேன்காரனுக்குத் தூக்கிக் கொடுக்கப் பார்க்கிறீர்கள். பிள்ளையை விட்டுவிட்டு வேறு ஊரில் போய் உட்கார்ந்தவருக்கு அந்தக் காலை நேரத்தைப் பற்றி என்ன தெரியும்?

இந்த வாரத்திலிருந்து மதிப்பெண்ணைப் பாருங்கள். இடது, வலது இரண்டையும் பாருங்கள். பார்த்துவிட்டு வேன் பேச்சை அத்தோடு நிறுத்துங்கள். வாண்டு பள்ளிவிட்டு வந்ததும் விளையாடுகிறேன், அவள் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள்.

நலம்.

இப்படிக்கு,
பெண்ணைக் கொடுத்தவன்


அக்டோபர் 1

மாமாவுக்கு மனமார்ந்த வணக்கம்.

நான் மிக நலம். பார்த்தேன். முதலில் கம்ப்யூட்டரில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். இடது பக்கத்தில் பத்துப் பழம் விழுந்தால் எட்டு, ஒன்பது பிடிக்கிறீர்கள். டிராயிங் டீச்சரே உங்களிடம் தோற்றுவிட்டார். கைக்குழந்தைக்கு நடை பழக்குவது என்று நீங்கள் கேலி செய்த பயிற்சிதான் உங்கள் காலை எழுப்பி நிறுத்தியிருக்கிறது. இதை நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள், நானும் எதிர்பார்க்கவில்லை. எழுதி வைத்துக்கொள்கிறேன், அது போதும்.

மேனேஜரிடம் காட்டினேன். எழுந்து வந்து கை கொடுத்தார். உங்கள் மதிப்பெண்ணைத்தான் இப்போது சுவரில் பெரிதாக ஒட்டியிருக்கிறார்கள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வாங்கும் குழு வந்து பார்க்கப்போகிறது. அவர்களுக்கும் இதைத்தான் முதலில் காட்டுவோம். உங்களிடம் ஃபெயில் வாங்கிய எத்தனையோ பேர் இந்த ஊரிலும் இருப்பார்கள். அவர்கள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்கிறேன்.

வேன் பேச்சை விட்டுவிட்டேன். வாண்டு போனில், "அப்பா, நான் பெரிய பொண்ணாயிட்டேன். தாத்தா என்னை முன் சீட்டுக்கு மாத்திட்டாரு" என்று ஒரே பெருமை.

இப்படிக்கு,
ஜெயித்த மருமகன்


அக்டோபர் 16

மாப்பிள்ளை அவர்களுக்கு,

என்னைச் சுவரில் ஒட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. கிழித்துவிடுங்கள். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு டிராயிங் டீச்சரைக் காட்டுங்கள், அந்த அம்மாளுக்கும் பெருமையாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது வேன் வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு கணக்கு. அதைக் கொடுத்துவிட்டேன். அதை வைத்துக் கடை விரிப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

வாண்டுவுக்குப் போன வாரம் முழுக்கக் காய்ச்சல். அம்மாவின் அறையிலேயே படுத்திருந்தாள். இன்று காய்ச்சல் விட்டு, பிஸ்கட் கேட்டாள். நாளை பள்ளிக்கூடம் போவாள்.

போன வார மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்க வேண்டாம். கவலையில் ஒழுங்காக விளையாடவில்லை.

இப்படிக்கு,
பெண்ணைக் கொடுத்தவன்


அக்டோபர் 30

மாமாவுக்கு,

போன வார மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று நீங்கள் எழுதியிருக்காவிட்டால் நான் அதைத் திரும்பிப் பார்த்திருக்கவே மாட்டேன்.

வாண்டு காய்ச்சலில் கிடந்த வாரம் இடது பக்கத்தில் ஒரு பழம்கூட நீங்கள் பிடிக்கவில்லை. வலது பக்கத்தில் வழக்கம்போல எல்லாம். பேத்தி மேல் உள்ள கவலை இடது காலில் மட்டுமா வந்து உட்காரும்? அவள் எழுந்து நடமாடிய அன்றே இடது பக்கம் மறுபடி சரியாகிவிட்டது.

பிறகு உங்களிடம் சொல்லாமல் ஒன்று செய்தேன். இடது பக்கத்தில் சில பழங்களை மட்டும் மணிச் சத்தத்தோடு விழவைத்தேன். அவள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் நீங்கள் தனியாக ஒரு நாள் பலகையில் ஏறினீர்கள். மணி அடித்து விழுந்த பழத்தை ஒன்றுகூட விடவில்லை. சத்தமில்லாமல் விழுந்ததை ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. அற்புதமாகச் சாய்கிறீர்கள் மாமா. உங்கள் காலில் ஒரு குறையும் இல்லை. இடது பக்கம் உங்களுக்குக் கண் தெரியவில்லை. நான் இத்தனை மாதமாகக் காலைத் திருத்திக்கொண்டிருந்தேன். பழம் விழும்போதெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து என் பெண் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் ஏன் முன் சீட்டுக்கு மாறினாள் என்பதும் இப்போது புரிகிறது. அதை எழுதவே எனக்குக் கை கூசுகிறது.

போனில் சொன்னால் உங்கள் மகள் பதறிப்போவாள். நவம்பர் கடைசியில் நான் அங்கே வருகிறேன். நேரில் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். அதுவரை காரைத் தொடாதீர்கள்.

மருமகன்


நவம்பர் 7

மாப்பிள்ளை அவர்களுக்கு,

ஆமாம். தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் இடது பாதி இல்லை. கண்ணில் கோளாறு இல்லையாம், மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் அடைபட்டதில் வந்த வினை, இனித் திரும்பாது என்று நான் விழுந்த வாரமே டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி ஓட்டக் கூடாது என்றும் சொன்னார். எத்தனையோ பேரிடம் நான் சொன்ன வார்த்தை அது. எனக்கு ஒருவன் சொல்லும்போது எப்படி இருக்கும் என்று தெரியாமலே சொல்லியிருக்கிறேன்.

வாண்டு கெட்டிக்காரி. "இடது காலி தாத்தா", "இடது சைக்கிள் தாத்தா" என்று நான் கேட்கும் முன்பே சொல்லிவிடுவாள். வலது பக்கம் நான், இடது பக்கம் அவள். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் அது ஒரு விளையாட்டு, அம்மாவிடம் சொல்லக் கூடாத விளையாட்டு. இன்றுவரை காரில் ஒரு கீறல் கிடையாது.

நீங்கள் எனக்கு நியாயம் பேச வேண்டாம். நவம்பர் கடைசி என்று ஏன் நாள் குறித்தீர்கள் என்று எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிக்காரர்கள் எப்போது வருகிறார்கள் என்று என் மகள் பூரித்துப்போய்ச் சொன்னாள். அவர்கள் வந்து போகும்வரை சுவரில் என் மதிப்பெண் ஒட்டியிருக்க வேண்டும். நான் காரைத் தொடாவிட்டால் அவள் ஏன் என்று கேட்பாள். சொல்ல வேண்டிவரும். சொன்னால், குணமான கால் என்று நீங்கள் காட்டப்போவது பச்சைப் பொய் என்பதும் சேர்ந்து வெளியே வரும். பக்குவம் யாருக்காக என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆளுக்கு ஒரு வாய் இருக்கிறது. மூடிக்கொண்டிருப்போம்.

பெண்ணைக் கொடுத்தவன்


நவம்பர் 13

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. குழு இருபத்தைந்தாம் தேதி வருகிறது. இருபத்தாறாம் தேதி நான் அங்கே இருப்பேன். அன்றே அவளிடம் சொல்லிவிடுவோம்.

அதுவரை மெதுவாக ஓட்டுங்கள்.

மருமகன்


நவம்பர் 20

உங்கள் இருவருக்கும்,

நலம் விசாரிக்க எனக்கு மனம் இல்லை. ஒரே கடிதத்தை இரண்டு முறை எழுதியிருக்கிறேன். ஒன்று தபாலில் வரும். இன்னொன்று அப்பாவின் டிவி மேல், அந்தக் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும்.

நேற்று எனக்கு விடுமுறை. வாண்டுவும் நானும் அவளுக்குச் செருப்பு வாங்க நடந்தே போனோம். கடைக்கு எதிரே வந்ததும் என் கையை உதறிக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டாள். வலது பக்கத்திலிருந்து ஒரு லாரி. பிரேக் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் பாவாடையில் லாரியின் அழுக்கு ஒட்டியிருந்தது, அவ்வளவு கிட்டத்தில் நின்றது. டிரைவர் இறங்கி வந்து, "புள்ளைக்கு ரோட்டைப் பாத்து எறங்கச் சொல்லித் தர மாட்டீங்களாம்மா?" என்றார்.

"பாக்காம ஏன்டி எறங்கினே?" என்று கேட்டேன்.

"பாத்தேம்மா. இடது பக்கம் ஒண்ணும் வரல."

"வலது பக்கம்?"

என்ன கேட்கிறாய் என்பதுபோல என்னைப் பார்த்தாள். "வலது பக்கம் பெரியவங்கதானே பாக்கணும்?" என்றாள். பிறகு செருப்புக் கடை வாசலில் உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டேன். சொல்லக் கூடாத விளையாட்டைச் சொல்லிவிட்டோம் என்று அழுதாள்.

வீட்டுக்கு வந்து, லாரியைப் பற்றிச் சொல்லி அப்பாவிடம் கேட்டேன். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "உன் புருஷனுக்கும் தெரியும்." உடனே உங்களுக்குப் போன் போட்டேன். உங்கள் முதல் வார்த்தை, "உங்கப்பாதான் மறைச்சாரு." அவளுக்கு அடி பட்டதா என்று இரண்டு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒருவருக்கு லைசென்ஸ் பெரிதாக இருந்தது, ஒருவருக்குச் சுவரில் ஒட்டிய மதிப்பெண் பெரிதாக இருந்தது. இவ்வளவு நாளும் நீங்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறுவது என் மேலும் அவள் மேலும் உள்ள பாசத்தால் என்று நினைத்துக்கொண்டு, நடுவில் நின்று சமாதானம் பேசிய முட்டாள் நான்.

நானும் அவளும் என்னோடு வேலை பார்க்கும் தோழி வீட்டில் இருக்கிறோம். ஷிஃப்டை மாற்றிக்கொண்டேன். கார் சாவி என்னிடம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்து, அந்த மதிப்பெண் யாருடையது என்று சொல்லிவிட்டேன். இருபத்தாறாம் தேதி நீங்கள் வர வேண்டாம். அப்பாவும் தேடிக்கொண்டு வர வேண்டாம்.

இன்று காலை அவளைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப்போனேன். ஒவ்வொரு தெருமுனையிலும் நிறுத்தி, ரெண்டு பக்கமும் பாரு என்று சொன்னேன். இடது பக்கத்தை வெகு கவனமாகப் பார்க்கிறாள். வலது பக்கம் என்றதும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிறாள்.